ஒரு வீட்டுக்கு ஒரு பாஸ்

இஸ்திரிக்காரிக்குத் தன் நாத்தனாரைக் கண்டால் ஆகாது என்று யாராவது சொன்னால் அது பொய். நாத்தனார் நல்ல பெண். பாத்திரம் தேய்ப்பாள், துணி மடிப்பாள், "அண்ணி, தலை வலிக்குதா?" என்று கேட்டு நெற்றியில் தைலம் தடவுவாள். இஸ்திரிக்காரிக்கு ஆகாதது நாத்தனாரின் கழுத்தில் தொங்கிய பஸ் பாஸ். அதைக் கண்டால்தான் வயிறு பற்றிக்கொண்டு எரியும். பாஸைத் தனியாகவும் நாத்தனாரைத் தனியாகவும் வைத்துப் பார்க்க முடியவில்லை என்றால் அது அவள் குற்றமா என்ன? இரண்டும் சேர்ந்தே வீட்டைவிட்டுக் கிளம்பின, சேர்ந்தே வீடு திரும்பின.

இஸ்திரிக்காரியின் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவர். டிப்போவில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஆளுக்கு ஓர் இலவச பாஸ் உண்டு. அதைத் தானே வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் வீட்டில் யாராவது ஒருவருக்குக் கொடுக்கலாம். வருஷத்துக்கு ஒரு தடவை பேரை எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதினால் எழுதியதுதான், அந்த வருஷம் முடிகிறவரை மாற்ற முடியாது. அப்பா அம்மா போய்ச் சேர்ந்து தங்கை மட்டும் மிஞ்சிய காலத்தில் அவர் தங்கை பேரை எழுதிவிட்டு, தான் சைக்கிளில் போக ஆரம்பித்தார். கல்யாணம் ஆன பிறகும் அதே பேரைத்தான் எழுதினார். ஏன் என்று கேட்டதற்கு, "ஓடிட்டு இருக்கறத எதுக்கு நிறுத்தணும்?" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு வாக்கியம் வருவதே அபூர்வம் என்பதால் இஸ்திரிக்காரியும் அப்போது அத்தோடு விட்டுவிட்டாள்.

நியாயமாகப் பார்த்தால் பாஸ் நாத்தனாரிடம் இருப்பதுதான் சரி. வீடு இருப்பது பெரிய ரோட்டின் இந்தக் கோடியில். நாத்தனார் வேலை செய்யும் செருப்புக் கடை அந்தக் கோடியில். டிக்கெட் எடுத்துப் போய் வந்தால் அவள் சம்பளத்தில் பாதி கண்டக்டர் பையில் விழுந்துவிடும். இஸ்திரிக்காரியின் சலவைக்கூடம் பாதி வழிகூட இல்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துவிடலாம். இதெல்லாம் இஸ்திரிக்காரிக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் ஆத்திரம் இரண்டு மடங்கானது. அநியாயம் என்றால் ஊரைக் கூட்டிக் கத்தலாம். நியாயத்தை எதிர்த்து எங்கே போய்க் கத்துவது?

ஒரு காலத்தில் அவளும் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸில்தான் போனாள். டிக்கெட் விலை ஒரு தடவை ஏறியது. காலையில் நடை, சாயங்காலம் பஸ் என்று ஆனது. மறுபடி ஏறியது. இரண்டு வேளையும் நடை. சலவைக்கூடத்துப் பெண்கள் எல்லோருக்கும் இதே கதைதான். பணம் கூடுகிற ஸ்டேஜுக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி மிச்சத்தை நடக்கிறவர்கள் உண்டு. கூட்டத்தில் கண்டக்டர் தன்னைப் பார்க்காமல் போகட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் யாருடைய வீட்டிலும் ஒரு நாத்தனார் ஓசியில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகவில்லை.

அந்த ஜன்னல்தான் கொடுமை. இஸ்திரிக்காரி சீக்கிரமே வீட்டைவிட்டுக் கிளம்பி வேர்க்க விறுவிறுக்க நடப்பாள். அவள் மேம்பாலத்தில் பாதி ஏறியிருக்கும்போது நாத்தனாரின் பஸ் பின்னாலிருந்து வரும். வந்தால் பேசாமல் போகக் கூடாதா? "அண்ணீ!" என்று ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி ஆட்டுவாள் நாத்தனார். பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும் திரும்பி, யார் இந்த அண்ணி என்று பார்ப்பார்கள். அண்ணி பல்லைக் காட்டிச் சிரித்துக் கையை ஆட்டுவாள். பஸ் விட்டுப் போன புகை முழுக்க அண்ணியின் மூக்குக்குள் போகும். பாசத்தில்தான் கை காட்டுகிறாள் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் அந்தப் பாசத்துக்கு அவளை நாலு அறை அறையலாம் போல இருக்கும்.

சாயங்காலம் வந்ததும் நாத்தனாரின் கதைகள் ஆரம்பிக்கும். பஸ்ஸில் ஒரு கிழவர் கோழியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாராம், கோழிக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று கண்டக்டரோடு பெரிய சண்டையாம். இரண்டு பெண்கள் ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி முறைத்தார்களாம். வீட்டுக்காரர் அதைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவார். இஸ்திரிக்காரியிடம் சொல்லக் கதை எதுவும் இல்லை. நடக்கிறவளுக்கு என்ன கதை? வலது குதிகால் வெடித்தது, இடது குதிகாலும் வெடிக்கப் போகிறது. இதைச் சொன்னால் யார் சிரிப்பார்கள்?

சலவைக்கூடத்தில் இன்னொரு தொல்லை. முதலில் வருகிறவளுக்கு ஜன்னல் பக்கத்து மேஜை. கடைசியில் வருகிறவளுக்குக் கொதிகலன் பக்கத்து மேஜை. ஹோட்டல்களிலிருந்து வருகிற படுக்கை விரிப்புகளை அந்த அனலில் நின்று தேய்த்தால் தலை சுற்றும். தலை சுற்றினால் கை மெதுவாகும். கூலியோ தேய்த்த துணிக்குத்தான். நடந்து வந்து களைத்தவள் எவ்வளவு சீக்கிரம் கிளம்பினாலும் கடைசியில்தான் வந்து சேர்ந்தாள். பஸ்ஸில் வருகிறவளுக்குக் காற்று, நடந்து வருகிறவளுக்கு அனல். உலகம் ஒழுங்காகத்தான் நடக்கிறது என்று அவள் விரிப்பின்மேல் பெட்டியை வைத்து அழுத்துவாள். விரிப்பு புகைந்தால் மேஸ்திரி திட்டுவார்.

இப்படியே புகைந்துகொண்டிருந்தவளைக் கொழுந்துவிட்டு எரிய வைத்தது டிப்போ வாசல்காரர்.

அன்று அவளுக்கு விடுமுறை. வீட்டுக்காரர் சாப்பாட்டு டப்பாவை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். மத்தியானம் பட்டினி கிடப்பாரே என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு, சலவைக்கூடத்தையும் தாண்டி டிப்போவரை அந்த வெயிலில் நடந்தாள். வாசலில் உட்கார்ந்திருந்தவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரும்மா வேணும்?"

வண்டி கழுவுகிறவரின் அடையாளம் சொன்னாள். வீட்டிலிருந்து வந்திருப்பதாகச் சொன்னாள்.

"ஓ, அவரா? அவர் வீட்டம்மாவ எனக்கு நல்லாத் தெரியுமே. மாசாமாசம் பாஸுக்கு சீல் வைக்க வருவாங்க. சிரிச்ச முகம். நீங்க யாரு, அவரோட அக்காவா?"

"நான்தான் வீட்டம்மா" என்றாள்.

வாசல்காரர் சங்கடமாக நெளிந்தார். இந்த இக்கட்டிலிருந்து எப்படி வெளியே வருவது என்று அவர் யோசித்தது முகத்தில் அப்படியே தெரிந்தது. "அப்போ அவங்க..." என்று இழுத்துவிட்டு, "சரிம்மா, டப்பாவைக் குடுங்க, நான் குடுத்துடறேன்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டு குடும்பம் வைத்திருக்கிற மனுஷன் என்று அவர் முடிவு கட்டிவிட்டது அவளுக்குப் புரிந்தது. அதிலும் தன்னைத்தான் இரண்டாவதாக வைத்தார் என்பதும் புரிந்தது. தங்கைகூட இல்லையாம், அக்காவாம்! வெயிலும் நடையும் அவளை அவ்வளவு தேய்த்திருந்தன.

சாயங்காலம் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றுவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"உங்க டிப்போவுல உங்க பொண்டாட்டி யாரு?"

"என்னது?"

"கேக்கறதுக்கு பதில் சொல்லுங்க. அங்க எல்லாரும் உங்க தங்கச்சியத்தான் பொண்டாட்டின்னு நினைச்சிட்டு இருக்காங்க. இன்னைக்குத்தானா இது, ரொம்ப நாளாவா?"

அவர் தலையைச் சொறிந்தார். "பாஸ் வச்சிருந்தா சம்சாரம்னு நினைச்சுப்பாங்க. எல்லாரும் சம்சாரம் பேருலதான் வாங்கறாங்க. ஒவ்வொருத்தன்கிட்டயும் போயி விளக்கிட்டா இருக்க முடியும்?"

"முடியாதா? வாயில என்ன பூட்டா போட்டிருக்கு? நான் நாலு பேர் பார்க்க உங்ககூட வாழறேனா, இல்ல ஒளிஞ்சு வாழறேனா? தினமும் ரோட்டுல நாய் மாதிரி நடந்து சாகறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், இவ எப்படிப் போறாள்னு திரும்பிப் பார்த்திருக்கீங்களா?"

"கணக்குப்படி பார்த்தா..."

"கணக்கப் பத்தி என்கிட்ட பேசாதீங்க!"

வீடு ஒரே அறை. நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கிற சத்தம் நின்றது. திரை விலகியது.

"அண்ணா, இந்த வருஷம் அண்ணி பேரை எழுதுங்க. அடுத்த வாரம்தானே எழுதிக் குடுக்கணும்? நான் எப்படியாவது சமாளிச்சுக்கறேன்."

"நீ சும்மா இரு, சின்னது. அவ்ளோ தூரம் எப்படிப் போவ?"

"அண்ணி இத்தனை வருஷமா நடக்கலையா?"

இஸ்திரிக்காரிக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. சண்டை போட்டு வாங்கலாம் என்று கச்சை கட்டிக்கொண்டு நின்றால், எதிராளி தானாகவே தூக்கிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். நல்லவள் பட்டமும் அவளுக்கே. 'வேண்டாம், நீயே வச்சுக்கோ' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பெரிய மனுஷி ஆகலாம் என்று இஸ்திரிக்காரிக்குத் தோன்றாமல் இல்லை. நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டாள்.

பேர் மாறியது. புதுப் பாஸ் வந்தது. போட்டோவில் இஸ்திரிக்காரி, யாரோ மிரட்டிப் பிடித்து உட்கார வைத்தமாதிரி முறைத்துக்கொண்டிருந்தாள். இருந்தால் என்ன? போட்டோ அவளுடையது.

முதல் நாள் காலையில் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாஸைத் தூக்கிக் காட்டியதும், "டிப்போ வீட்டம்மாவா? உக்காருங்க, உக்காருங்க" என்றார் கண்டக்டர். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறி, டிக்கெட் விலையைக் கேட்டு, கையிலிருந்ததைப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிப் போனாள். நேற்றுவரை தானும் அந்தக் கூட்டம்தான் என்பது இஸ்திரிக்காரிக்கு அந்த நிமிஷம் மறந்தே போயிற்று. சலவைக்கூடத்தில் ஜன்னல் பக்கத்து மேஜையில் போய்க் கையை ஊன்றி நின்றாள். "என்னடி, ராணி மாதிரி வந்துட்ட?" என்று பக்கத்து மேஜைக்காரி கேட்டாள். கேட்ட குரலில் இருந்த புகைச்சல் அவளுக்குத் தேனாக இனித்தது. பொறாமைப்படுவதைவிடப் பொறாமைப்பட வைப்பது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

சுகம் ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

நாத்தனார் எப்படி வேலைக்குப் போகிறாள் என்று அவள் கேட்டிருக்கவில்லை. கேட்டால் பதில் வருமே என்ற பயம்தான். வீட்டுக்காரரும் தங்கையும் இருட்டு பிரிவதற்குள் கிளம்ப ஆரம்பித்திருந்தார்கள். 'எனக்கு டிப்போவுல சீக்கிரம் வேலை' என்று அவர் முனகியதை அவள் அப்படியே எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் சைக்கிள் பஞ்சர் ஆகி அவர்கள் கிளம்பத் தாமதமானது. அன்று மேம்பாலம் ஏறுகிற இடத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. இஸ்திரிக்காரி ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸை ஒட்டி ஒரு சைக்கிள் வந்து நின்றது. பின்னால் நாத்தனார், மடியில் இரண்டு சாப்பாட்டு டப்பாக்களோடு, ஒரு பக்கமாகக் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் தோளுக்கு மேல் எட்டி ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். சும்மா இல்லை, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்து நரம்பு தெரிய, சத்தம் போட்டுச் சிரித்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தச் சிரிப்பை இஸ்திரிக்காரி பார்த்ததில்லை. அப்படி ஒரு சிரிப்பு அந்த மனுஷனுக்குள் இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது. பிறகு வண்டிகள் நகர்ந்தன. அவர் எழுந்து நின்று மிதித்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தங்கையைச் சுமந்துகொண்டு மேம்பாலத்தில் ஏறினார், இறங்கித் தள்ளவும் இல்லை.

சைக்கிள் கண்ணுக்கு மறைகிறவரை இஸ்திரிக்காரி ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாள் பாஸ்மேல் பட்ட பொறாமையெல்லாம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை. தனக்கு ஒரு தாளில் பேர் எழுதிக் கொடுத்தார். அவளுக்கு முதுகு வேர்க்க மிதிக்கிறார். தான் இரண்டு வேளையும் நடந்து செத்த காலத்தில், ஒரு நாளாவது, 'ஏறு, கொண்டு விடறேன்' என்று அந்த வாயிலிருந்து வந்ததா?

அன்று மாலை சோற்றை அவர் தட்டில் போட்டுவிட்டுச் சொன்னாள்:

"நாளைக்கு என்னை சைக்கிள்ல கொண்டு விடுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பஸ்ஸுக்கு என்ன ஆச்சு?"

"பஸ்ஸுக்கு ஒண்ணும் ஆகல. எனக்கு சைக்கிள்ல போகணும்."

"பாஸ் வாங்கித் தொங்கவிட்டுக்கிட்டு சைக்கிள்ல வர்றியா? கேக்கறவன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். சிரிக்கறதெல்லாம் உங்களுக்கு வராததா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நாத்தனாருக்குப் புரிந்துவிட்டது. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரு நாள்தானே அண்ணா, கொண்டு விடுங்க. நான் கொஞ்சம் முன்னாடியே கிளம்பி நடந்துடறேன்" என்றாள்.

"தாமதமானா உன் முதலாளி அரை நாள் சம்பளம் பிடிப்பான்."

"பிடிக்கட்டும்."

இருவரும் இஸ்திரிக்காரியைப் பார்த்தார்கள். இப்போதும் ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். 'விளையாட்டுக்குச் சொன்னேன்' என்றால் போதும். அவள் நாத்தனாரின் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு, "அப்போ சரி" என்றாள்.

மறுநாள் நாத்தனார் முன்னால் கிளம்பி நடந்துவிட்டாள். இஸ்திரிக்காரி தலையை அழுந்த வாரி, நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, சைக்கிளின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். இரும்புக் கம்பி தொடையில் அழுத்தியது. பெரிய ரோட்டுக்கு வந்ததும் அவர் இடுப்புச் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் முன்னால் நாத்தனாரின் முதுகு தெரிந்தது. டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நடந்துகொண்டிருந்தாள். சைக்கிள் கடந்தபோது, "அண்ணீ!" என்று கை ஆட்டினாள். இஸ்திரிக்காரி பார்க்காததுபோல மறுபக்கம் திரும்பிக்கொண்டாள்.

சங்கிலி கடகடவென்றது, அவர் மூச்சு வாங்கினார், அவ்வளவுதான்.

"ஏதாவது பேசுங்களேன்" என்றாள்.

"என்ன பேசறது?"

"அவகிட்ட பேசறீங்கல்ல?"

"அவ பேசுவா. நான் கேப்பேன்."

சரி, தானே பேசுவோம் என்று இஸ்திரிக்காரி வாயைத் திறந்தாள். மேஸ்திரியைப் பற்றிச் சொன்னாள். பக்கத்து மேஜைக்காரியின் புகைச்சலைச் சொன்னாள். விலைவாசியைச் சொன்னாள். சொல்லச் சொல்ல எல்லாமே புகாராகத்தான் வந்தது. சிரிக்கிறமாதிரி ஒன்றைக்கூட அவளால் தேடிப் பிடிக்க முடியவில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் "ம்" என்றார். மேம்பாலம் வந்ததும், "கொஞ்சம் இறங்கிக்கோ. இன்னைக்கு முடியல" என்றார். அவள் இறங்கினாள். அவர் சைக்கிளைத் தள்ளினார், அவள் நல்ல புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நடந்தாள். அவளுடைய பஸ் அவர்களைத் தாண்டிப் போனது.

சலவைக்கூடத்து வாசலில் அவளை விட்டார். நெற்றி வேர்வையைக் கையால் வழித்து உதறினார். அவள், "சாயங்காலம் வருவீங்களா?" என்று கேட்க நினைத்தாள். அதற்குள் அவர் சைக்கிளை வந்த வழியாகவே திருப்பிவிட்டார்.

"அந்தப் பக்கம் எங்க போறீங்க? டிப்போ இந்தப் பக்கம்தானே?"

"சின்னது இன்னும் பாலத்தைத் தாண்டியிருக்காது. ஏத்திட்டுப் போயி விட்டுடறேன். எனக்குத் தாமதமாகும், ஆனா ஆவுது."

இருக்கையில் உட்காராமல் நின்றபடியே மிதித்தார். அவளைக் கொண்டுவந்தபோது வாங்கிய மூச்சு எங்கே போயிற்றோ தெரியவில்லை. நின்றுகொண்டே மேம்பாலத்தில் ஏறி, மறுபக்கம் இறங்கி மறைந்துவிட்டார்.

அவர்கள் இருவரும் இந்த வழியாகத்தான் போக வேண்டும். இஸ்திரிக்காரி உள்ளே போகாமல் வாசலிலேயே நின்றாள். பெண்கள் ஒவ்வொருவராக அவளைக் கடந்து உள்ளே போனார்கள். ஜன்னல் மேஜை போயிருக்கும். மேஸ்திரி இரண்டு தடவை கூப்பிட்டார். பாலத்தின் உச்சியில் சைக்கிள் தெரிகிறவரை அவளால் நகர முடியவில்லை. தெரிந்ததும், அவர் சிரிக்கிறாரா என்று பார்ப்பதற்காகக் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டாள்.